பேக்கப் யார் பொறுப்பு: ஹோஸ்டிங்காரரா, நாமா, நடுவில் இருப்பவரா?

ஜனவரி 5 (வந்த கேள்வி)

"மூன்று வருடமாக என் சைட்டுக்கு ஒரே இடத்தில் ஹோஸ்டிங், அதாவது சர்வரில் வாடகை இடம். பிளானிலேயே 'தினசரி பேக்கப்' என்று போட்டிருந்தது. போன வாரம் சர்வரில் டிஸ்க் போய்விட்டது. டிக்கெட் (எழுத்தில் புகார்) போட்டால், 'உங்கள் கணக்குக்கு பேக்கப் இல்லை, உங்களிடம் உள்ள நகலைக் கொடுத்தால் இலவசமாக ஏற்றித் தருகிறோம்' என்கிறார்கள். நகலை நானே வைத்திருக்க வேண்டும் என்றால் இவர்களுக்கு எதற்குப் பணம்? பேக்கப் யார் பொறுப்பு?"

ஜனவரி 5, இரவு

காகிதத்தைக் கேட்டால், உங்கள் பொறுப்பு. காகிதம் என்றால் கணக்குத் தொடங்கும்போது டிக் போட்டுவிட்டுத் தாண்டிப் போனோமே, அந்த விதிமுறைகள். ஒரே சர்வரைப் பலர் பங்கு போடும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் சாரம் ஒன்றுதான்: பேக்கப்பை ஓர் உதவியாக எடுக்கிறோம், அது இருக்கும் என்றோ முழுசாக இருக்கும் என்றோ உத்தரவாதம் இல்லை, உங்கள் நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் கீழே போனால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருக்கும். பெரும்பாலும் அது நீங்கள் கட்டிய கட்டணத்தைத் தாண்டாது.

விலைப் பக்கத்தில் பச்சை டிக்கோடு 'தினசரி பேக்கப்'. விதிமுறைப் பக்கத்தில் 'உத்தரவாதம் இல்லை'. இரண்டையும் எழுதுவது ஒரே கம்பெனி. உங்கள் கோபத்துக்கு நியாயம் இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மிச்சம் நாளை, கண் சொருகுகிறது.

ஜனவரி 6

அவர்கள் எடுக்கும் பேக்கப் யாருக்காக என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகள் இருக்கும். மொத்தச் சர்வரும் விழுந்தால் தூக்கி நிறுத்த அவர்களுக்கு ஒரு நகல் வேண்டும், அதற்காக ராத்திரியில் அது ஓடுகிறது. உங்கள் கடைப் பையன் நேற்று மதியம் தெரியாமல் அழித்த ஒரு பக்கத்தை மீட்டுத் தருவது அதன் முதல் வேலை இல்லை. மீட்டுத் தருவார்கள், சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம்.

எத்தனை நாள் நகல் வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்தது. சிலர் ஒன்று, சிலர் ஏழு. புது நகல் வந்ததும் பழசு போய்விடும். எவனோ சைட்டுக்குள் புகுந்து தன் நிரலைச் செருகி, ஒரு மாதம் கழித்து உங்களுக்குத் தெரியவந்தால், ஏழு நகலிலும் அவன் உட்கார்ந்திருப்பான்.

அப்புறம் 'எங்களிடம் ரெய்டு இருக்கிறது சார்' என்று சப்போர்ட்டில் சொல்வார்கள். ரெய்டு என்றால், எளிய வடிவத்தில், ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதுவது. ஒன்று செத்தால் மற்றது ஓடும், நல்லதுதான். 'அழி' என்று சொன்னால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். ஜர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுத் தளம் 2009 தொடக்கத்தில் இப்படித்தான் மூடப்பட்டது. இரட்டை டிஸ்க்கையே பேக்கப் என்று நம்பியிருந்தார்கள். பதிவுகள் இருந்த டேட்டாபேஸ் மேலெழுதப்பட்டபோது இரண்டும் சேர்ந்து போயின. பல வருடம் எழுதியவர்களின் பதிவுகள் அதோடு சரி.

ஜனவரி 8

"விதிமுறையில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2021 மார்ச் 10, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் கிளவுட் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டரில், அதாவது சர்வர்கள் அடுக்கி வைக்கும் இடத்தில், தீ. எஸ்பிஜி2 என்ற ஐந்து மாடிக் கட்டடம் முழுசாக எரிந்தது. பக்கத்திலிருந்த எஸ்பிஜி1-இன் 12 அறைகளில் நான்கு போயின. மற்ற இரண்டு கட்டடங்களில் தீ இல்லை, ஆனால் மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. சைட்டுகளைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி 36 லட்சம் சைட்டுகள் ஒரே நேரத்தில் காணாமல் போயின. 'ரஸ்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டை நடத்துகிறவர்கள் ஐரோப்பிய சர்வர் தகவல் திரும்பாது என்று அன்றே சொல்லிவிட்டார்கள்.

நிறுவனர் ஆக்டேவ் கிளாபா அதிகாலையிலேயே ட்விட்டரில் எழுதினார். வாடிக்கையாளர்கள் தங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயல்படுத்தும்படி ஆலோசனை. பெரிய கம்பெனிகளிடம் அப்படி ஒன்று இருந்தது. சின்ன ஆட்கள், 'என்ன திட்டம்?' என்று கேட்டார்கள். திட்டுவதற்கு முன் ஒன்று: காசு கட்டாத பேக்கப்பைப் பற்றி அவர்கள் பொய் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வெறும் சர்வரை மட்டும் வாடகைக்கு எடுத்தவருக்கு நகல் தரும் கடமை அவர்களுக்கு ஒப்பந்தப்படி கிடையாது.

வழக்கு வேறு இடத்தில் வந்தது. தனிக் காசு கொடுத்து பேக்கப் வசதி வாங்கியிருந்த பிரெஞ்சு நிறுவனம் ஒன்று, 'பாத்தி கூர்தாஜ்' என்று பெயர். அந்த பேக்கப், சர்வர் இருக்கும் இடத்திலிருந்து தனியாகப் பிரித்து வைக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. தீக்குப் பிறகு தெரிந்தது: நகலும் அதே எஸ்பிஜி2 கட்டடத்தில். 2023 ஜனவரி 26-ஆம் தேதி லில் நகர வணிக நீதிமன்றம் ஓவிஎச் 1 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றது. தீர்ப்பு மேல்முறையீட்டுக்குப் போனது, அதனால் தொகையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். கவனிக்க வேண்டியது, எதன் மேல் வழக்கு நின்றது என்பதைத்தான். தீ பிடித்தது மட்டும் குற்றமாக நிற்கவில்லை. 'தனியே வைப்போம்' என்று சொல்லி விற்றுவிட்டுத் தனியே வைக்காததுதான் அவர்களை மாட்டிவிட்டது.

ஆக, என் முதல் பதிலைக் கொஞ்சம் நகர்த்துகிறேன். சும்மா கிடைக்கும் பேக்கப், உங்கள் தலையில். காசு கொடுத்து வாங்கிய பேக்கப், எழுத்தில் என்ன சொன்னார்களோ அந்த அளவுக்கு அவர்கள் தலையில். உங்களுடையது பிளானுக்குள்ளேயே வந்த பேக்கப். அது இந்த இரண்டில் எதில் சேரும் என்பதில்தான் சண்டை.

ஜனவரி 8, பின்னால்

எங்கள் பக்கத்துப் பேரிடர் மீட்புத் திட்டம் என்ன என்று ஒருவர் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஃபோன்: "தம்பி, சைட்டு ஓப்பன் ஆக மாட்டேங்குது, பார்ட்டி லைன்ல இருக்காரு." இதுதான் திட்டம். முழுசாக இவ்வளவுதான்.

ஜனவரி 11

'பொறுப்பல்ல' என்று எழுதிவிட்டால் பொறுப்புப் போய்விடுமா என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது, ஹோஸ்டிங் சம்பந்தப்பட்டது இல்லை. 1998-இல் டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் ஒருவர் தன் மாருதி ஜென் காரைச் சாவியோடு ஊழியரிடம் கொடுத்து நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்தால் கார் இல்லை. டோக்கனில் 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்று அச்சடித்திருந்தது. வழக்கு நடந்து, 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, தன் கவனக்குறைவால் போனதற்கு அந்த வரியைக் காட்டி ஹோட்டல் தப்ப முடியாது. கவனமாகத்தான் இருந்தோம் என்று காட்டுவது முதலில் ஹோட்டலின் வேலை.

இதை அப்படியே பேக்கப்புக்கு ஒட்டிவிட முடியாது, வக்கீல் நண்பர் என்னைக் கத்துவார். கார் ஒன்றுதான், அதை வீட்டில் இன்னொன்றாக நகலெடுத்து வைக்க வழியில்லை. சைட்டை எடுத்து வைக்க முடியும், எடுத்து வைக்கச் சொல்லி எழுதியும் இருக்கிறார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் கேட்பார்.

ஜனவரி 12

கன்ஸ்யூமர் கோர்ட் பற்றி மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாக: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வியாபார நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பவர் அந்தப் பிழைப்புக்காக மட்டும் வாங்கியிருந்தால் விலக்கு உண்டு, ஆனால் சட்டத்தில் அது பொருள் வாங்குவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, சேவைக்கும் பொருந்துமா என்று வக்கீலைக் கேளுங்கள். தையல் வகுப்பு நடத்துகிற அக்காவின் சைட் உள்ளே வர முயலலாம், நாலு கிளை வைத்திருக்கும் ஜவுளிக்கடையின் சைட்டுக்குக் கஷ்டம். அதே சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பிரிவும் தவறான விளம்பரம் என்ற பிரிவும் இருக்கின்றன. 'தினசரி பேக்கப்' என்ற விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் மாறிவிடும்.

ஜனவரி 17

நாள் தள்ளிப்போயிற்று, மார்ச் முடிவதற்குள் சைட் வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்து 'உங்கள் கணக்குக்கு பேக்கப் இல்லை' என்ற பதில் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். திருப்பூரில் பனியன் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணன். சைட்டை வேறு யாரோ செய்து கொடுத்திருந்தார்கள், விழுந்த பிறகுதான் என்னிடம் வந்தது. ஹோஸ்டிங் யார் என்று பெயர் வேண்டாம். மற்ற கணக்குகள் எல்லாம் பேக்கப்பிலிருந்து திரும்பி வந்தன, இவருடையது மட்டும் வரவில்லை. காரணம் விதிமுறையில் ஒரு வரி: கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் அந்தக் கணக்கை இரவு பேக்கப்பில் சேர்க்க மாட்டோம். இடம் 'அன்லிமிடெட்'தான். எண்ணிக்கைக்குத்தான் வரம்பு. அதை ஐநோடு என்பார்கள். சீபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கத்தின் வலது ஓரத்தில் சின்ன எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

அத்தனை கோப்பு எங்கிருந்து வந்தது? நான் படங்கள் என்று நினைத்தேன். சைட்டை ஓட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், ஒரு படத்தை ஏற்றினால் சின்னதும் பெரிசுமாகப் பல அளவில் வெட்டி வைக்கும், கடைக்கான ப்ளகின் (கூடுதல் நிரல்) தன் பங்குக்கு இன்னும் சில. ஒரு டீஷர்ட் படம் பத்துக் கோப்பாக நிற்கும். அதோடு, பக்கம் வேகமாகத் திறக்கத் தற்காலிக நகல்கள் சேரும் கேஷ் ஃபோல்டர். ஆனால் அங்கே பெரிய கூட்டம் மெயில். இந்த சர்வர்களில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனிக் கோப்பு. ஆஃபீஸ் மெயிலுக்கு வந்த விளம்பரம், குப்பை, 'டியர் சார் வி ஆர் மேனுஃபேக்சரர்' எல்லாம் வருடக்கணக்கில் அழிக்காமல் கிடந்தன. ஆளுக்கு ஃபோனில் மெயில் வருகிறது, சர்வரில் அது சேர்ந்துகொண்டே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. குப்பை மெயில் எண்ணிக்கை ஏறி ஏறி, ஒரு ராத்திரி வரம்பைத் தாண்டியிருக்கிறது. அன்றோடு பேக்கப் நின்றுவிட்டது. அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அண்ணன் சத்தியம் செய்கிறார். வந்திருந்தாலும் அந்த மெயில் குவியலுக்குள்தான் கிடந்திருக்கும்.

டேட்டாபேஸ் நகல் ஒன்று பழைய டெவலப்பரின் லேப்டாப்பில் கிடைத்தது. விலை எல்லாம் பழசு, ஆனால் பொருள் விவரம் இருந்தது.

ஜனவரி 18

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபோது இது தோன்றியது. இந்த விவாதம் முழுக்க ஹோஸ்டிங்காரர், வாடிக்கையாளர் என்று இரண்டு பேரை வைத்தே ஓடுகிறது. நம் ஊரில் மூன்றாவது ஒருவர் இருக்கிறார்: சைட் பண்ணிக்கொடுத்த பையன். ஹோஸ்டிங் கம்பெனிக்குக் கடைக்காரரைத் தெரியாது. கடைக்காரருக்கு ஹோஸ்டிங் கம்பெனியின் பெயரே தெரியாது. கணக்கு பையனின் மெயிலில், ரினியூவல் அவன் கார்டில், ஓடிபி அவன் நம்பருக்கு. சில சமயம் அவனும் சொந்தமாக வாங்கவில்லை, மொத்தமாக வாங்கித் துண்டு போட்டு விற்கும் ஒரு ரீசெல்லரிடம் வாங்கியிருப்பான். அந்த ரீசெல்லர் இன்னொருவரிடம். 'தினசரி பேக்கப்' என்று முதலில் சொன்னவருக்கும் கடைசியில் கேட்டவருக்கும் நடுவில் நாலு கை.

பேக்கப் எடுங்கள் என்று கம்பெனி விதிமுறையில் எழுதியிருக்கிறதே, அதைப் படித்து டிக் போட்டது யார்? பையன். சைட் யாருடையது? அண்ணனுடையது. அவர் அந்த விதியை வாழ்நாளில் கண்டதில்லை. அவரைப் பொறுத்தவரை 'சைட்டைப் பாத்துக்கோ தம்பி' என்று சொன்னபோதே பேக்கப்பும் சேர்ந்துவிட்டது. பையனைக் கேட்டால், 'நான் டிசைனுக்குத்தான் காசு வாங்கினேன்ணா.' இருவருமே பொய் சொல்லவில்லை.

நானும் அந்த நடு ஆள்தான், இன்று பத்துப் பதினைந்து சைட்டுகளுக்கு. இப்போது எனக்குப் படுவது: சின்ன சைட்டுகளில் பேக்கப் பெரும்பாலும் நடு ஆளின் பொறுப்பு. விதிமுறையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், சீபேனல் பாஸ்வேர்டு இருப்பதும் அவரிடம்தான். 'எனக்குக் காசு தரவில்லை' என்றால், அதை முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இது என் தொழில் ஆட்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

ஜனவரி 18, மாலை

பிடிக்கவில்லை. வந்துவிட்டது. "அப்படியென்றால் சட்டத்தில் எங்கே இருக்கிறது, காட்டு" என்கிறார் ஒருவர். நடு ஆளைப் பற்றிச் சட்டம் நான் சொல்கிற மாதிரி பேசவில்லை, உண்மைதான். சட்டம் நேராக சைட் உரிமையாளரைப் பிடிக்கிறது. 2023 தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எட்டாவது பிரிவு: மற்றவர்களின் தகவலை வாங்கி வைத்திருப்பவர், வேறு எந்த ஒப்பந்தம் இருந்தாலும், தன் சார்பில் இன்னொருவர் செய்யும் வேலைக்கும் சேர்த்துத் தானே பொறுப்பு. 2025 நவம்பரில் வந்த விதிகள், தகவல் போனால் வேலை நின்றுவிடாமல் இருக்க பேக்கப் உள்ளிட்ட ஏற்பாடு வேண்டும் என்கின்றன. இந்தக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். கடை சைட்டில் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கிறதே, அண்ணனே அதற்குள் வந்துவிடுவார்.

கணக்கு வழக்குக்கு இன்னும் கறார். பதிவு பெற்ற கம்பெனி கணக்குப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், அதன் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும். முன்பு 'அவ்வப்போது' என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் 'தினமும்' என்று மாற்றினார்கள். ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

ஜனவரி 24

ஹோஸ்டிங்காரரே நல்லவராக இருந்து, பொறுப்பையும் ஏற்று, கையில் ஒன்றுமே இல்லாத நாளும் வரும். டென்மார்க்கில் கிளவுட்நார்டிக் என்று ஒரு கம்பெனி. 2023 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை விடியற்காலை. சர்வர்களை ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிலவற்றில் ஏற்கெனவே கணினிக் கிருமி இருந்திருக்கிறது, அது தெரியவில்லை. மாற்றும்போது அவை எல்லாச் சர்வரையும் நிர்வகிக்கும் உள் வலைப்பின்னலில் சேர்க்கப்பட்டன. அந்த வழியில் உள்ளே வந்தவர்கள் சர்வர்களைப் பூட்டினார்கள், முதல் பேக்கப்பைப் பூட்டினார்கள், இரண்டாவது பேக்கப்பையும் பூட்டினார்கள். பூட்டைத் திறக்க அவர்கள் கேட்ட பணத்தைக் கட்ட முடியாது, கட்டவும் மாட்டோம் என்று அறிவித்துவிட்டு, பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தகவல் மொத்தமாகப் போயிற்று என்று கம்பெனியே எழுதியது.

அங்கே பொறுப்பு யாருடையது என்று தீர்ப்பு வாங்கி என்ன செய்வது? கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை.

எதிர்ப்பக்கம், யூனிசூப்பர். ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதி, 6 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் அவர்களுக்கென்று இருந்த ஒரு தனி இடம் அழிந்தது. அழித்தது கூகுள்தான்: ஆரம்பத்தில் அமைக்கும்போது ஒரு உள் கருவியில் ஒரு இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள், அதனால் அந்த இடத்துக்கு ஒரு வருடக் கெடு தானாக விழுந்து, கெடு முடிந்ததும் அழிந்துவிட்டது. வேறு கம்பெனியிடம் நகல் வைத்திருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள்.

ஜனவரி 25

யூனிசூப்பர் பற்றி நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும், ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார். கூகுளின் சேமிப்புக் கிடங்கில் அவர்கள் வைத்திருந்த பேக்கப்பும் அழியாமல் இருந்தது, மீட்புக்கு அதுவும் பயன்பட்டது என்று கூகுள் விளக்கியிருக்கிறது. ஆக 'வெளியே இருந்த நகல் மட்டுமே காப்பாற்றியது' என்று சுற்றும் கதை முழு உண்மை இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் நகல் வைக்கச் சொன்னது யூனிசூப்பரில் இருந்த யாரோ ஒருவர். அவருக்கு அந்த மாதம் போனஸ் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஜனவரி 25, மதியம்

"அரசாங்கம் இதையெல்லாம் சரியாகச் செய்யுமே?" தென்கொரியா. 2025 செப்டம்பர் 26, டேஜியோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீ. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் போயிற்று. அளவு பெரிசு என்பதால் வெளி பேக்கப் இல்லையாம். அடுத்த கேள்வி.

பிப்ரவரி 2

பேக்கப் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். திரும்ப ஏற்றிப் பார்த்தால் தெரியும். வேறு வழி எனக்குத் தெரியாது.

நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளைச் சேமிக்கும் கிட்லேப் தளத்தின் கதை இதற்குச் சரியான உதாரணம். 2017 ஜனவரி 31 இரவு, ஒரு இன்ஜினியர் வேறு சர்வர் என்று நினைத்து உண்மையான டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. ஐந்து விதமான ஏற்பாடு வைத்திருந்தார்கள், அந்த நேரத்தில் ஒன்றும் உருப்படியாகக் கை கொடுக்கவில்லை. தினமும் பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. 'தோற்றுவிட்டது' என்று அது அனுப்பிய மெயில்களையும் மெயில் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது. அவர்களைக் காப்பாற்றியது, வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல். அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே வெளியில் எழுதினார்கள், அதற்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

தமிழ் சைட் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றிப் பார்ப்பதில் தனித் தலைவலி உண்டு. நான் மேலே சொன்ன திருப்பூர் நகலை ஏற்றியபோது எல்லாப் பக்கமும் வந்தது, தமிழ் மட்டும் வரவில்லை. மேலே கீற்று போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர். பக்கம் முழுக்க இப்படியே. பழைய டேட்டாபேஸ் லத்தீன் எழுத்துக் குறியீட்டு முறையில் இருந்தது, அதற்குள் யூனிகோடு தமிழைத் திணித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடும்போது தெரியாது, நகலெடுத்து வேறு சர்வரில் ஏற்றும்போது ஒவ்வொரு எழுத்தும் இன்னொரு முறை மாற்றப்பட்டு இப்படி வரும். ஏ-ஆர் வந்தால் பயப்படாதீர்கள், அதைத் திருப்பிவிடலாம், நானும் திருப்பினேன். வரிசையாகக் கேள்விக்குறி வந்தால்தான் பயப்பட வேண்டும். அங்கே எழுத்து போயே போய்விட்டது, கேள்விக்குறியிலிருந்து எந்த எழுத்து என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, பக்க முகவரி. வேர்ட்பிரஸ் தமிழ் முகவரியை விழுக்காட்டுக் குறிகளாக மாற்றி வைக்கும், யூனிகோடு குறி ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இடம் போகும். மொத்தம் 200 இடம்தான். அதனால் நீளத் தலைப்பெல்லாம் இருபது சொச்சக் குறியில் வெட்டுப்படும். ஒரே மாதிரி தொடங்கும் தலைப்புகளுக்குப் பின்னால் 2, 3 என்று எண் ஒட்டும். டேட்டாபேஸை அப்படியே ஏற்றினால் பிரச்சினை இல்லை. பேக்கப் இல்லாமல், கூகுளில் தேடியெடுத்த பக்கங்களைக் கையால் மறுபடி போடுகிறீர்கள் என்றால், எந்த வரிசையில் போடுகிறீர்களோ அந்த வரிசையில் எண் மாறும். பழைய லிங்க் எல்லாம் வேறு பக்கத்துக்குப் போகும்.

பிப்ரவரி 3

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கு. பேக்கப் ப்ளகின் போட்டதோடு விடாதீர்கள். வெளியே ஒரு இடத்தை இணைக்காவிட்டால் அது நகலை அதே ஹோஸ்டிங்குக்குள்ளேயே அடுக்கும். சர்வர் போனால் அதுவும் போகும், போவதற்கு முன் இடத்தையும் நிரப்பும். என் ஏற்பாட்டில் சைட் எதையும் வெளியே அனுப்புவதில்லை. வெளியே உள்ள ஒரு சின்ன மெஷின் உள்ளே வந்து எடுத்துப் போகிறது. சைட்டுக்குள் புகுந்தவனுக்கு அந்த மெஷினின் சாவி கிடைக்காது. 2014 ஜூனில் கோடு ஸ்பேசஸ் என்ற கம்பெனியின் அமேசான் கிளவுட் கணக்குக்குள் ஒருவன் புகுந்து, பணம் கேட்டு, தராததால் சர்வரையும் பேக்கப்பையும் அங்கிருந்தே அழித்தான். இரண்டுக்கும் ஒரே சாவி. கம்பெனி மூடிவிட்டது.

பில்லில் இப்போது தனி வரி போடுகிறேன்: 'பேக்கப், மாதம் ஒரு முறை ஏற்றிச் சோதித்தல் உட்பட.' பக்கத்தில் தொகை. "பேக்கப்புக்குத் தனியா காசா தம்பி?" என்று கேட்காத ஆள் இல்லை. வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்து வாங்குகிறேன். பேனாவைக் கையில் வாங்கியதும் பாதிப் பேர் 'சரி இருக்கட்டும்' என்று விடுகிறார்கள்.

பிப்ரவரி 9

முதலில் கேட்டவருக்கு, புது ஹோஸ்டிங் பார்க்கிறீர்கள் என்றீர்களே. வாங்குவதற்கு முன் சேல்ஸ் சாட்டில் கேட்காதீர்கள், டிக்கெட்டாகப் போடுங்கள், பதில் எழுத்தில் நிற்கும். எத்தனை நாள் நகல் இருக்கும். நகல் இருக்கும் சர்வர் அதே கட்டடத்திலா, வேறு ஊரிலா. கோப்பு எண்ணிக்கை எத்தனையைத் தாண்டினால் பேக்கப் நிற்கும், நின்றால் சொல்வீர்களா. மெயிலும் அதில் சேர்ந்ததா. டேட்டாபேஸில் ஒரே ஒரு டேபிளை மட்டும் மீட்டுத் தர எவ்வளவு. நகலை நானே இறக்கிக்கொள்ள சீபேனலில் வழி உண்டா.

சமீபத்தில் நான் மூன்று இடத்துக்கு இதே டிக்கெட்டைப் போட்டேன். ஒருவர் விதிமுறைப் பக்கத்தின் லிங்க்கை மட்டும் அனுப்பினார். ஒருவர் 'டோன்ட் வொர்ரி சார்' என்றார். மூன்றாமவர், நகல் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது, வேறு ஊரில் வேண்டுமென்றால் மாதம் இவ்வளவு கூடும் என்று தொகையோடு எழுதினார். மூன்றாமவரிடம் வாங்கியிருக்கிறேன்.